கூரை வெயிலுக்குக் கணக்கெழுதுகிறவள்

இன்னும் கட்டி முடியாத ஒரு வீட்டில் அடுத்த சித்திரை மாதம் பகல் இரண்டு மணிக்கு எத்தனை ஃபேன் ஓடும் என்று இன்றைக்கே சொல்வதுதான் என்னுடைய தொழில்.

கட்டடத்தின் படத்தைக் கொம்பியூட்டரில் வரைந்து, சுவர் எது, கூரை எது, யன்னல் எந்தப் பக்கம், உள்ளே எத்தனை பேர், என்னென்ன சாமான் ஓடும் என்று எல்லாவற்றையும் கொடுத்தால், வருஷத்தின் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அந்தக் கட்டடம் எவ்வளவு கரண்ட் கேட்கும் என்று அது சொல்லும். பிறகு கூரையில் சோலார் வைத்தால் எவ்வளவு கிடைக்கும், அதில் எவ்வளவை வீடே எடுக்கும், எவ்வளவு தெருவில் போகும் கரண்ட் லைனுக்குப் போகும் என்று பிரித்து எழுதவேண்டும். மட்டக்களப்பு நகரத்தில் இருக்கும் எங்கள் கந்தோரில் இரண்டே பேர். கணக்குக்கு நான், கூரையில் ஏறி அளப்பதற்கு யோகன் அண்ணன். உங்களிலும் யாராவது, எத்தனை தரம் சொன்னாலும் சொந்தக்காரருக்கு விளங்காத ஒரு வேலையைச் செய்து களைத்துப் போயிருந்தால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். இதெல்லாம் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

கலியாண வீட்டில் ஒரு விளக்கம்

சித்தியின் மகளுடைய கலியாணத்தில், அம்மாவுக்குத் தூரத்து முறையான மாமி ஒருவர் என்னைப் பக்கத்தில் இருத்தி, என்ன வேலை என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு நல்ல மனநிலை. சுவரில் வெயில் படுவதிலிருந்து தொடங்கி, கூரையில் கிடைக்கும் கரண்டை வீட்டின் தேவையிலிருந்து எடுத்தவுடனேயே கழிக்கக்கூடாது, இரண்டையும் தனித்தனியாகக் காட்டிய பிறகுதான் கழிக்கவேண்டும் என்பது வரைக்கும் ஆறுதலாகச் சொன்னேன். மாமி என் கையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டார். கேட்டு முடிந்ததும் மற்றப் பக்கம் இருந்த பெண்ணிடம் திரும்பி, மிகுந்த பெருமையோடு என்னை அறிமுகப்படுத்தினார்.

"இது நம்மட கமலாட மகள். வீடுகளுக்குச் சாதகம் பார்க்கிற புள்ள."

பூச்சியம்

கல்லடியில் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒருவர் சின்ன விருந்தினர் விடுதி கட்டினார். வெளியே தொங்கவிட ஒரு பலகை எழுதப்போவதாகவும், அதில் 'இது கரண்ட் செலவே இல்லாத விடுதி' என்று போடலாமா என்றும் கேட்டார். வருஷக் கணக்கில் பார்த்தால் போடலாம். விடுதி எடுப்பதும் கூரை கொடுப்பதும் ஏறத்தாழச் சமம். ஆனால் மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் கதை வேறு. நடுப்பகலில் ஆட்கள் எல்லாரும் கடலில் குளிக்கும்போது கூரை அள்ளிக் கொடுக்கும், அதெல்லாம் லைனுக்குப் போகும். பொழுது பட்டதும் எல்லா அறையிலும் ஏசி ஓடும், அப்போது லைனிலிருந்து திரும்ப எடுக்கவேண்டும். ஒரு தாளில் இரண்டு கோடு கீறிக் காட்டினேன். பகலில் மேடாக எழும்புவது சூரியன் கொடுப்பது, இருட்டிய பிறகு எழும்புவது விடுதி எடுப்பது.

மனிசன் சோர்ந்துபோனார். அப்படியென்றால் செலவு பூச்சியம் என்பது பொய்தானே என்றார். பொய் இல்லை, வருஷ முடிவில் கூட்டிக் கழித்தால் வருகிற உண்மை என்று நான் இழுத்துக்கொண்டிருக்க, தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவி தாளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு புருஷனையும் பார்த்தார்.

"இது இவர்ர கணக்குத்தான் மிஸ். பகலெல்லாம் என்னோட கோவிச்சுக்கொண்டு திரிவார், பின்னேரம் தேத்தண்ணி குடிக்கக்குள்ள எல்லாத்தையும் சரிக்கட்டிப் போடுவார். வருசக் கடைசியில பார்த்தா மிச்சம் பூச்சியம்."

நடுப்பகல் தையல்

வாவிக்கரையில் செல்வி என்று ஒரு தையல்காரி. வீட்டு முன்னறையில் மூன்று மெசின், துணி தேய்க்க ஒரு பெரிய அயன். புருஷன் சேகர் தோணியில் போய் வாவியில் இறால் பிடிப்பவர். விடியப் போனால் காலை எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். கூரையில் சோலார் போட்டும் லைனிலிருந்து எடுப்பது குறையவில்லையே என்று செல்வி கேட்டபோது, காரணம் கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. பகலெல்லாம் சமையல், துவையல், பிள்ளைகள். மெசினில் அவர் இருப்பதே பொழுது சாய்ந்த பிறகுதான். பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் தைத்தால், கூரை தருவதை நேரே மெசினுக்கும் அயனுக்கும் எடுக்கலாம் என்று சொன்னேன். அந்த நேரத்தில் யார் சமைக்கிறது என்று கேட்டு செல்வி சிரித்தார். மூலையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சேகர் தலை நிமிரவில்லை.

இரண்டு மாதம் கழித்து யோகன் அண்ணன் மீட்டர் பார்த்துவிட்டு வந்து, அந்த வீடு நடுப்பகலில் கூரையிலிருந்து எடுப்பது ஒரேயடியாகக் கூடியிருக்கிறது, ஏதோ பிழை என்றார். போய்ப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு செல்வி மெசினில் இருக்கிறார். குசினிக்குள் சேகர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறால் சொதிக்குத் தேங்காய்ப்பால் விடுகிறார். சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து இருத்திவிட்டார்கள். நான் முதல் வாய் வைக்கும்போது சேகர் கதவடியில் நின்று என் முகத்தையே பார்த்தார். நான் நல்லாயிருக்கிறது என்றேன். செல்வி நூலைக் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க சொன்னபடி பகல்லதான் தைக்கிறன் மிஸ். சொதிக்கு எவ்வளவு உப்புப் போடுறதெண்டும் உங்கட கொம்பியூட்டர்ல ஒருக்காக் கேட்டு இவருக்குச் சொல்லுங்க."

ஆள் இல்லாத அறை

எங்கள் தொழிலில் முதலில் கேட்கும் கேள்வி, வீட்டில் எத்தனை பேர் என்பது. குருக்கள்மடத்தில் புனிதம் அக்காவின் வீட்டுக்குப் போனபோது அவர் மூன்று என்றார், அவருடைய கணவர் இரண்டு என்றார். கணவர் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர், கணக்கில் கறார். ஒரே மகன் கட்டாரில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம்தான் வருவான். அதனால் நான் இரண்டு என்று எழுதினேன். மகனுடைய அறையைப் பூட்டிய அறை என்று போட்டு, அதற்கு லைட்டும் இல்லை, ஃபேனும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஆறு மாதத்தில் கணக்கு இடித்தது. நான் சொன்னதைவிட வீடு தினமும் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் பகலில். மீட்டரில் பிழை இருக்கும் என்று யோகன் அண்ணன் சந்தேகப்பட்டார். ஒருநாள் முழுவதும் அங்கேயே இருந்து பார்ப்பது என்று இருவரும் போனோம். காலையில் எல்லாம் சரியாக இருந்தது. இரண்டரை மணிக்கு மீட்டரில் எண் ஏறத் தொடங்கியது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்த அறைக் கதவு திறந்திருக்கிறது. இரண்டு லைட்டும் எரிகிறது, ஃபேன் சுழல்கிறது, கட்டிலில் புது விரிப்பு. புனிதம் அக்கா தலை சீவி, பவுடர் போட்டு, கையில் போனோடு கட்டில் விளிம்பில் இருக்கிறார். மகனுக்கு அங்கே சாப்பாட்டு இடைவேளை. தினமும் அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவானாம்.

அவன் பேசி முடித்து, அக்கா எல்லாவற்றையும் நிற்பாட்டும் வரைக்கும் நாங்கள் விறாந்தையில் காத்திருந்தோம். பட்டப்பகலில், யன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, லைட் எதற்கு என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. அன்று கந்தோருக்கு வந்ததும் ஆட்கள் என்ற இடத்தில் மூன்று என்று திருத்தினேன், கணக்கும் மீட்டரும் ஒத்து வந்தன. அக்கா எனக்குச் சொன்ன பதில் இதுதான்.

"அவன் பார்க்கக்குள்ள அறை இருட்டாக் கிடந்தா, தன்னை மறந்திட்டாங்க எண்டு நினைப்பான் மிஸ்."

பிரிட்ஜ்

இந்தக் கதையில் பிழை என்னுடையது. கதிரவெளிப் பக்கத்தில் ஒரு மகளிர் சங்கம் சின்ன மண்டபம் ஒன்று வைத்திருந்தது. அதன் கூரைக்குச் சோலாரும், லைன் போகும் நேரத்துக்கு ஒரு பற்றரியும் வைக்க வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் சிலர் உதவினார்கள். பற்றரி சின்னது. லைன் இல்லாத நேரம் அதிலிருந்து என்னென்ன ஓடவேண்டும் என்று நான் தெரிவு செய்ய வேண்டும். சங்கத் தலைவி தவமணி அக்கா ஒரு பட்டியல் தந்தார். லைட், ஃபேன், போன் சார்ஜ் போடும் பிளக், ஒரு பிரிட்ஜ். ஒவ்வொன்றாகத் தேவையா என்று கேட்டுக்கொண்டு போனேன். பிரிட்ஜ் என்றதும், இருந்தால் நல்லம் என்று மட்டும் சொன்னார். திறந்து பார்த்தபோது முன்னால் நான்கைந்து சோடாப் போத்தல் தெரிந்தது. பிரிட்ஜைச் சேர்த்தால், முகில் மூடி வெயில் வராத மப்பு நாளில் பற்றரி ஒரு நாளைக்கும் காணாது, சேர்க்காவிட்டால் இரண்டு நாளைத் தாண்டும். எடுத்துவிட்டேன். அறிக்கை அழகாக வந்தது.

அந்த மாரிமழைக் காலத்தில் பெரிய காற்று அடித்து, எங்கேயோ மரம் விழுந்து லைன் போய்விட்டது. இரண்டாம் நாள் காலை தவமணி அக்கா எனக்குப் போன் எடுத்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. பிரிட்ஜுக்குக் கரண்ட் கொடுக்க எந்த வயரை மாற்றவேண்டும் என்று மட்டும் கேட்டார். நான், அதை விடுங்கள் அக்கா, சோடா சூடானால் பரவாயில்லை, லைட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.  அதற்கு அவர், சோடாவுக்குப் பின்னால் ஊரில் ஏழு பேருடைய இன்சுலின் இருக்கிறது என்றார். போன கிழமைதான் கிளினிக்கில் ஒரு மாதத்துக்கு என்று கொடுத்தார்களாம். வீட்டில் பிரிட்ஜ் இல்லாதவர்கள் எல்லாரும் அங்கேதான் வைப்பார்கள். ரோட்டில் தண்ணீர் மேவி ஓடுகிறது, மருந்தை வெளியே கொண்டுபோகவும் வழியில்லை, நாங்கள் அங்கே போகவும் வழியில்லை.

 யோகன் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கினார். போன் சார்ஜ் போடும் பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டு, பிரிட்ஜை அதற்குப் பக்கத்தில் தள்ளிக் கொண்டுவரச் சொன்னார். நான்கு பெண்கள் சேர்ந்து தள்ளும் சத்தம் போனில் கேட்டது. லைட், ஃபேன் எல்லாவற்றையும் அடியோடு நிற்பாட்டச் சொன்னார். அதற்குள் நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்துவிட்டேன். எப்போதும் ஒரு வருஷத்துக்குக் கணக்குப் பார்க்கிற நான் அன்றைக்கு வரப்போகும் நான்கு நாளைக்கு மட்டும் பார்த்தேன். வானம் முழுக்க மப்பு என்று போட்டேன். பற்றரியில் பாதிகூட மிச்சம் இல்லை என்று போட்டேன். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் பிரிட்ஜ் ஓடலாம், அதற்கு மேல் முடியாது என்று வந்தது. சோடாப் போத்தல்களை எடுக்கவேண்டாம், அவையும் குளிரைப் பிடித்து வைத்திருக்கும் என்று சொன்னேன். இரண்டு மணிக்கு நிற்பாட்டியதும் போர்வைகளால் மூடவேண்டும், காலையில் பிரிட்ஜைப் போடமுன் போர்வைகளை எடுத்துவிட வேண்டும், கதவைக் காலையில் ஒரே தரம்தான் திறக்கவேண்டும் என்றும் சொன்னேன். தவமணி அக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு தினமும் இரண்டு மணிக்கு, நிற்பாட்டிவிட்டேன் என்று ஒரு போன் வரும். அந்தப் போன் வரும்வரை எங்கள் இருவருக்கும் சோறு இறங்காது.

ஐந்தாம் நாள் லைன் வந்தது. தண்ணீர் வடிந்ததும் போனோம். கிளினிக்கில் மருந்து கொடுக்கும் மிஸ் வந்து பார்த்து, மருந்து பழுதாகவில்லை, பாவிக்கலாம் என்று சொல்லியிருந்தார். யோகன் அண்ணன் பிரிட்ஜுக்குப் பற்றரியிலிருந்து தனி வயர் இழுத்தார், இரண்டு ஃபேனைக் கழற்றிவிட்டார். இன்சுலின் வைத்திருந்த ஏழு பேரில் மூன்று பேர் எங்களைப் பார்க்க வந்து, மண்டபத்து மரவாங்கில் வரிசையாக இருந்தார்கள். எனக்கு வெட்கம் ஒரு பக்கம், கொஞ்சம் கோபமும் ஒரு பக்கம். முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா என்று கேட்டேன். தவமணி அக்கா கோபிக்கவில்லை. கோப்பையில் சீனியைக் கலக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பிரிட்ஜ் தேவையா எண்டுதானே மிஸ் கேட்டீங்க. ஆருக்குத் தேவை எண்டு கேக்கல்லையே."

நிழலுக்கு ஒரு வரி

அன்றிலிருந்து என் படிவத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் எதிரில் 'யாருக்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டம் இருந்தும் நான் இன்னொரு தரம் தடுமாறினேன். நகரத்தில் லெனி அங்கிள் என்று ஒரு பறங்கியர், போர்த்துக்கேயர் வழிவந்தவர், தோணி மோட்டரும் தண்ணிப் பம்பும் திருத்தும் பட்டறை வைத்திருப்பவர். வீட்டுக்குள் மனைவியோடு அவர்களுடைய பழைய போர்த்துக்கேயம் பேசுவார், எங்களோடு நல்ல மட்டக்களப்புத் தமிழ் பேசுவார். மனைவி டொரின் அன்ரிக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருஷம். ஒரு பக்கக் கை, கால் வராது, பேச்சும் குறைவு. மேற்குப் பக்க அறையில், யன்னலோடு கட்டில். பின்னேரப் புழுக்கம் தாங்காமல் அவர் படும் பாட்டைப் பார்த்து, அந்த அறைக்கு ஒரு ஏசியும் அதை ஓட்டச் சோலாரும் வைக்க அங்கிள் முடிவு செய்தார். கூரைக்கு மேற்கே ஒரு பெரிய மாமரம். இரண்டு மணிக்குப் பிறகு கூரையில் பாதிக்கு நிழல். சோலார் விற்கிறவர்கள் மரத்தை வெட்டச் சொன்னார்களாம். வெட்டமுன் கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வந்தார்.

பார்த்தேன். வெட்டினால் கூரை எவ்வளவு கூடத் தரும் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிள் தாளை வாசித்து, நாலாக மடித்து, சேட்டுப் பையில் வைத்து, மாமரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வாசல் படலை வரைக்கும் என்னோடு நடந்து வந்தார். அந்த நடை எனக்குச் சரியாகப் படவில்லை. கந்தோருக்கு வந்து கணக்கைத் திரும்பத் திறந்தால், நான் கூரைக்கு மேலே மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மரம் இல்லாவிட்டால் அந்த மேற்குச் சுவர் என்னவாகும் என்று பார்க்கவே இல்லை. யோகன் அண்ணன் மரம் மறைக்கும் சுவரிலும், மறைக்காத மற்ற மூலையிலும் வெப்பமானிகளைக் கட்டி மூன்று நாள் விட்டார். மறைக்காத சுவர் பொழுது படும் நேரத்திலும் கை வைக்க முடியாமல் சுட்டது. மரத்தை வெட்டினால் கூரை கூடத் தருவதில் முக்கால்வாசியை அந்த அறையின் ஏசியே குடித்துவிடும். சோலாரை முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பட்டறைக் கூரையில் வைத்தால் மரத்தைத் தொடவே தேவையில்லை.

இரண்டாவது அறிக்கையை அங்கிள் பட்டறையில் நின்றபடியே, எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாசித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்து, இது என்ன 'நிழல்' என்று ஒரு வரி என்று கேட்டார். மரம் வீட்டுக்குக் கொடுக்கும் குளிர்ச்சி, அதையும் கரண்டாக மாற்றி எழுதியிருக்கிறேன் என்றேன். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கட்டில் ஓரத்தில் இருந்து, அந்த வரியைத் தங்கள் மொழியில் மனைவிக்கு வாசித்துக் காட்டினார். டொரின் அன்ரி யன்னலைப் பார்த்தார், பிறகு நல்ல கையை எடுத்து அங்கிளின் முழங்காலில் வைத்தார். மரத்தை நட்டது அன்ரிதான் என்று அங்கிள் எனக்கு அப்போதுதான் சொன்னார்.

"முப்பத்தெட்டு வருசமா நான் இந்த மரத்திட சருகைப் பற்றித்தான் பேசியிருக்கன் மிஸ், இவ நிழலைப் பற்றிச் சொல்லுவா. இண்டைக்குத்தான் அவ சொன்னதை ஆரோ எழுத்தில தந்திருக்காங்க."

இத்தனை வருஷத்தில் சூரியன் ஒருநாளும் என் கணக்கைப் பிழையாக்கியதில்லை, பிழையாக்கியதெல்லாம் கூரைக்குக் கீழே இருந்த சனங்களும், அவர்களை எண்ண மறந்த நானும்தான்.